வளரி திரும்பி வருமா?

கேள்வி: வளரி என்னும் வளைந்த எறிதடியை எறிந்தால் இலக்கைத் தாக்கிவிட்டு எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் என்கிறார்களே, உண்மையா? முயல் வேட்டைக்கான மர வளரியை எப்படிச் செய்தார்கள்?
– வாசகர், காரைக்குடி

பதில்: இலக்கில் பட்ட வளரி திரும்பாது, அங்கேயே விழும். வேட்டையாடுபவருக்கு வேண்டியதும் அதுதான். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பூமராங்குகளிலும் திரும்பி வருபவை ஒரு வகை மட்டுமே. வேட்டைக்கான கனத்த தடிகள் திரும்புவதில்லை.

தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுப்பில், புதுக்கோட்டை சமஸ்தானத்துத் திவான் தந்த குறிப்பு ஒன்று உண்டு. பிறை வடிவில், ஒரு முனை கனத்தும் மறுமுனை இலேசாகவும் அமைந்த இந்தத் தடியை, இலேசான முனையில் பிடித்துத் தோளுக்கு மேல் சில முறை சுழற்றி வீசுவார்கள் என்றும், கைதேர்ந்தவர்கள் சமஸ்தானத்தில் அப்போதே இல்லாமற்போனாலும் முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் அது எப்போதாவது பயன்பட்டது என்றும் திவான் எழுதுகிறார். சின்ன மருதுவிடமே வளரி வீசக் கற்றதாகச் சொல்லும் ஆங்கிலேயப் படை அதிகாரி கர்னல் வெல்ஷ், தேர்ந்த கையில் அது நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்கிறார். சற்றே மிகையாக இருக்கலாம். ஆனால் அவர் நேரில் பழகியவர்.

செய்முறையில் உயிர்நாடி மரத்தைத் தேர்வதே. நேரான பலகையில் பிறையை வரைந்து அறுத்தால், வளைவில் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, கல்லில் மோதிய முதல் வீச்சிலேயே அங்கே பிளந்துவிடும். ஆகவே இயற்கையாகவே வளைந்த, வைரம் பாய்ந்த கிளையை வெட்டி, வெடிப்பு விழாதபடி நிழலில் உலர்த்திய பின்பே செதுக்க வேண்டும். ஓடும் முயலுக்குத் தரையை ஒட்டிக் கிடையாக எறிவது வழக்கமாக இருந்தது. சுழலும் தடி தன் நீளம் முழுவதற்கும் பாதையை அடைத்துக்கொண்டு போவதால், குறி சற்று விலகினாலும் காலில் அடி விழும்.

கேள்வி: இன்று அப்படி முயல் வேட்டைக்குப் போகலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம்; முயற்சி செய்தாலே அது வேட்டையாகக் கருதப்படும். வீசிப் பழக விரும்பினால், ஆள் நடமாட்டமற்ற திடலில் வைக்கோல் பொதியைக் குறியாக வையுங்கள். தரையில் பட்ட தடி எகிறிப் பக்கவாட்டில் பாயும் என்பதால், பார்ப்பவர்கள் எறிபவருக்குப் பின்னால் நிற்கட்டும்.