மலையில் ஒரு படவிழா: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், பழங்குடி மக்கள் தங்கள் கதையைத் தாங்களே படமாக எடுத்துத் தாங்களே விழா நடத்துவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். அதனால் அரசியல், சமையல், ஜாதகக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு. பழைய புரொஜெக்டர் ஆபரேட்டரிடம் சினிமாவைப் பற்றிக் கேட்டால் சும்மா விடுவேனா?

எங்கள் பள்ளியில் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடிக் குடியிருப்புகளின் பிள்ளைகள் படிக்கிறார்கள். பழங்குடியினர் எடுத்த படங்களை வைத்து இரண்டு நாள் விழா நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, குலசேகரம்

முதலில் மலை ஏறுங்கள், டீச்சர். படப் பட்டியலை அப்புறம் போடலாம். ஊர்த்தலைவரான மூட்டுக்காணியையும் பெரியவர்களையும் பார்த்து, என்ன பார்க்க ஆசை, உங்கள் பக்கத்திலிருந்து எதைக் காட்ட ஆசை என்று இரண்டையும் கேளுங்கள். ‘எதையும் காட்ட விருப்பமில்லை, பார்க்க மட்டும் வருகிறோம்’ என்று சொன்னாலும் சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதியையும் அவர்களே சொல்லட்டும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆனி ஆடியிலும் நனைவோம், ஐப்பசி கார்த்திகையிலும் நனைவோம். தை, மாசிதான் தோது. ரப்பர் இலை உதிர்த்துப் பால் குறையும் காலமும் அதை ஒட்டியே வரும், ஆட்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். பால்வெட்டுக்கு விடியுமுன் எழுகிறவரை ராத்திரி பத்து மணிக்குப் படம் பார்க்கச் சொன்னால் டைட்டில் முடிவதற்குள் தூங்கிவிடுவார். போதாததற்கு யானை நடமாடும் பாதை. மதியம் இரண்டுக்குத் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் வீடு போய்ச் சேரும்படி முடியுங்கள். பள்ளிக் கூடத்தின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினால் போதும், பகலிலும் படம் தெரியும்.

திரைக்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடித்து ஒலிபெருக்கிக்குக் கொடுங்கள். படம் மங்கினால் சனம் பொறுத்துக்கொள்ளும். சத்தம் கொரகொரத்தால் எழுந்து போய்விடும். ஜெனரேட்டர் வைத்தால் நீளமான வயர் போட்டுக் கட்டடத்துக்குப் பின்னால் தள்ளி வையுங்கள்.

வெளிநாட்டுப் படம் என்றால் சப்டைட்டிலை நம்பாதீர்கள். பெரியவர்கள் பலருக்கு அந்த வேகத்தில் படிக்க வராது. குடியிருப்பிலேயே நன்றாகக் கதை சொல்லும் ஒருவரைப் பிடித்து, முந்தின நாளே படத்தைப் போட்டுக்காட்டி, மைக்கைக் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் தங்கள் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போகட்டும். 16 எம்.எம். காலத்தில் நான் ரீல் மாற்றும் இடைவெளியில் சனங்கள் ஒருவருக்கொருவர் கதையை விளக்கிக்கொள்வார்கள், சண்டைகூடப் போடுவார்கள். எனக்கு அது படத்தைவிடப் பிடிக்கும்.

‘சின்ன இடத்தில் இதெல்லாம் நடக்குமா’ என்று தயங்க வேண்டாம். பின்லாந்தின் வடகோடியில் இனாரி என்று ஒரு சிற்றூர். அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான ‘சாமி’ இன மக்களின் ‘ஸ்காப்மகோவத்’ விழா 1999 முதல் அங்கே நடக்கிறது. ஜனவரிக் குளிரில், பனியையே வெட்டிச் சுவராக்கித் திறந்தவெளியில் படம் போடுகிறார்கள். நியூசிலாந்தின் ஒட்டாக்கி நம் குலசேகரத்தைவிடப் பெரிய ஊர் ஒன்றும் இல்லை, 2014 முதல் அங்கே ‘மாவோரிலேண்ட்’ விழா நடக்கிறது. டொரோண்டோவில் நடக்கும் ‘இமேஜின்நேட்டிவ்’ விழா இவற்றைவிடப் பெரிது. படம் தேட அந்த விழாக்களின் பழைய பட்டியல்களே போதும்.

படம் எடுத்தவருக்கு எழுதி அனுமதி வாங்காமல் எதையும் திரையிடாதீர்கள். இணையத்தில் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது. நம் நாட்டில் பொதுவில் திரையிட 1952-ஆம் வருடச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாத படங்களை விழாவில் காட்ட மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு கேட்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், இப்போதே எழுதிப் போடுங்கள்.

சினிமா என்றால் சினிமா. இதில் பழங்குடி சினிமா என்று தனியாக என்ன இருக்கிறது? பிரிவினை அல்லவா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

திற்பரப்பு அருவியும் பேச்சிப்பாறை அணையும் எத்தனை பாட்டுக் காட்சிக்குப் பின்னால் நின்றிருக்கின்றன! அந்த மலையில் குடியிருக்கிறவர் அந்தப் படங்களில் யாராக வந்தார்? பெரும்பாலும் வரவே இல்லை, வந்தாலும் இலை தழை கட்டிக்கொண்டு கூட்டமாக ஆடினார். அப்போதெல்லாம் நீங்களும் நானும் பிரிவினை என்று எழுந்து கேட்கவில்லையே அண்ணாச்சி?

பேரி பார்க்ளே என்ற, நியூசிலாந்தின் மாவோரிப் பழங்குடி இயக்குநர் ஒரு விஷயத்தைச் சொன்னார். வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கும் காட்சியை எடுக்கும் கேமரா எப்போதும் கப்பல் தளத்திலேயே இருக்கிறது, அதைக் கரையில் நிற்பவன் கையில் கொடுத்தால் என்ன தெரியும் என்பதுதான் அவர் கேள்வி. கடற்கரைக்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கனடாவின் வடகோடியில் இக்லூலிக் என்ற ஊரில் இனுயிட் பழங்குடி மக்கள் அதைச் செய்து பார்த்தார்கள். பரம்பரைக் கதை ஒன்றைப் பெரியவர்கள் பலரைச் சொல்ல வைத்துப் பதிவு செய்து, அதிலிருந்து திரைக்கதை எழுதி, முழுக்கத் தங்கள் மொழியிலேயே எடுத்தார்கள். ஸக்கரியாஸ் குனுக் இயக்கிய ‘அட்டனார்ஜுவாட்’ 2001-இல் கான் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருது வாங்கியது. பிரிந்து போய்த் தனியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, உலகமே பார்த்தது.

என் நண்பனின் தாத்தா காணி வைத்தியர், சடங்கில் பாடும் சாற்றுப் பாட்டும் பாடுவார். போனில் படம் எடுத்து யூடியூபில் போட நினைக்கிறோம். யோசனை சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

எடு தம்பி. போடுவதைப் பற்றி மெதுவாக யோசிக்கலாம்.

பிரேசிலில் 1986-இல் ‘கிராமங்களில் வீடியோ’ என்று ஒரு வேலை தொடங்கியது. நம்பிக்குவாரா பழங்குடி மக்களின், பெண் பிள்ளை வயதுக்கு வரும் சடங்கை வின்சென்ட் கரேலி என்பவர் எடுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்டினார். ‘இவ்வளவு துணியோடா இருக்கிறோம்!’ என்று அவர்களுக்கே பிடிக்கவில்லை. அடுத்த தடவை உடம்பு முழுக்க வண்ணம் பூசி, பழைய முறைப்படி நடத்திக் காட்டினார்கள். கைவிட்டுப்போயிருந்த உதடு குத்தும் வழக்கத்தைக்கூட மறுபடி எடுத்துச் செய்தார்கள். எடுத்ததை உடனே காட்டியதால் வந்தது இது. நீயும் எடுத்த அன்றைக்கே தாத்தாவுக்குப் போட்டுக் காட்டு. ‘இந்த இடத்தை எடுத்துவிடு’ என்றால் அவர் முன்னாலேயே அழி. சடங்கு செய்யும் பிலாத்தி, கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிக்கொண்டு பாடுவது கச்சேரி கிடையாது. எந்தப் பாட்டை எப்போது, யாருக்காகப் பாடுவது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பச்சிலை விஷயத்தில் இன்னும் கவனம். 1987-இல் அகத்தியர் மலையில், களைப்பு தீர ஒரு செடியின் காயைக் காணி வழிகாட்டிகள் மென்றுகொண்டு போவதை விஞ்ஞானிகள் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ மருந்து வந்தது. 1995-இல் அதைத் தயாரிக்க உரிமம் கொடுத்தபோது உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதிலும் பின்னால் தகராறுகள் வந்தன என்பது வேறு கதை. அங்கே பேச ஒரு ஒப்பந்தமாவது இருந்தது. உன் வீடியோவில் தாத்தா இலையைத் தூக்கிக் காட்டிப் பெயரும் பக்குவமும் சொல்லிவிட்டால் பாதி கேட்க யாரிடம் போவார்? வைத்தியத்தை வீட்டுக்கு வைத்துக்கொள். அவர் பிள்ளைக்கால நினைவுகளைச் சொல்லச் சொல்லி எடு, அதுவே ஒரு நல்ல படம்.

சினிமா கேமரா இல்லாமல் விழாவுக்குப் படம் அனுப்ப முடியுமா?
– ஒரு வாசகி, குளச்சல்

முடியும். போனைப் படுக்கை வாக்கில் பிடியுங்கள், சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், கடற்கரையில் எடுத்தால் அதற்கு ஒரு பஞ்சுறை மாட்டுங்கள். நம் ஊர்க் காற்று வசனத்தை விழுங்கிவிடும்.

நாங்கள் மூன்று தலைமுறையாக வில்லுப்பாட்டுக் குழு. கதை சொல்லும் விழா என்றால் எங்களுக்கும் மேடை உண்டா?
– ஓர் அண்ணாவி, திருவட்டாறு

உண்டு, ஆனால் காணிகளுக்குப் பிறகு. அண்ணாவி கோபிக்கக் கூடாது. உங்கள் வில்லுக்கும் குடத்துக்கும் உடுக்கைக்கும் பங்குனி, சித்திரைக் கோயில் கொடைகளில் மேடை இருக்கிறது, வானொலியும் தொலைக்காட்சியும்கூட இடம் கொடுத்தன. கொக்கரைக்கு அப்படி யாரும் மேடை போடவில்லை. இரண்டாம் நாள் மாலை அரை மணி நேரம் கேளுங்கள். விடிய விடியப் பாடுகிறவருக்கு அரை மணி கஷ்டம்தான்.

படத்தில் பேசிய பாட்டி இறந்துவிட்டார். அந்தப் படத்தை விழாவில் காட்டலாமா?
– ஒரு வாசகர், அருமனை

வீட்டாரைக் கேளுங்கள், முகம் காட்டலாமா, குரல் மட்டும் போதுமா என்று தனித்தனியாகவே கேளுங்கள். ஆஸ்திரேலியாவில், இறந்துபோனவர்களின் உருவமும் குரலும் இதில் வரலாம் என்று ஆதிவாசிப் பார்வையாளர்களுக்குப் படத்தின் தொடக்கத்திலேயே அறிவிப்புப் போடுவது வழக்கம். நீங்களும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போடலாம்.

நுழைவுக் கட்டணம் வைக்கலாமா? செலவுக்கு என்ன வழி?
– அதே குலசேகரம் ஆசிரியை, இரண்டாவது கடிதத்தில்

மலையிலிருந்து வருகிறவர்களிடம் வாங்க வேண்டாம். கீழேயிருந்து காரில் வருகிறவர்களிடம் தாராளமாக வாங்குங்கள். பாடுகிறவர், கதை சொல்கிறவர், மைக் பிடித்து விளக்குகிறவர் எல்லாருக்கும் சம்பளம் போட்ட பிறகு பந்தலுக்கு எவ்வளவு என்று பாருங்கள். சால்வையைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள். இறங்கிவர ஜீப் ஏற்பாடும், மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உண்டென்றால் எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள், டீச்சர். ஆபரேட்டர் கூலி கேட்க மாட்டேன்.