டிப்ளமோ முடித்த பையன் மறுபடி முதலாம் ஆண்டில் எதற்கு உட்கார வேண்டும்?

கேள்வி: முக்கூடலில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், வயது 47. டீசல், ரிப்பேர் எல்லாம் போக மாதம் 22,000 ரூபாய் நிற்கும். வீட்டில் பீடி சுற்றுவதில் 5,000 வரும். மகன் இந்த வருடம் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தான், 71 சதவீதம். கணக்குப் பாடத்தில் இரண்டு தடவை அரியர் விழுந்து பிறகு எழுதிப் பாஸ் ஆனான். ஆனால் கையில் ஸ்பேனர் கொடுத்தால் போதும், ஊரில் எந்த மோட்டார் பழுதானாலும் இவனைத்தான் கூப்பிடுகிறார்கள். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் உற்பத்தித் தொழில்நுட்பத்தில் மூன்று வருட பி.வோக். இருக்கிறதாம். வாரத்தில் பாதி நாள் தொழிற்சாலையிலேயே வேலை, இரண்டாம் ஆண்டு முதல் மாதம் 8,000 உதவித்தொகை என்கிறார்கள். வருடத்துக்கு ஃபீஸ் 85,000, விடுதி 55,000. மச்சான் 'பி.இ.யே படிக்க வை' என்கிறார். அவருக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர், வெளிநாட்டில் இதே மாதிரி செய்முறைப் படிப்பு இருக்கிறது, 20 லட்சம் ஆகும் என்கிறார். கையில் தபால் நிலையச் சேமிப்பு 1,10,000, வீட்டில் 9 பவுன், 35 சென்ட் வயல். மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். வயலை விற்கவா, நகையை அடகு வைக்கவா?

பதில்: அண்ணாச்சி, வயல், நகை இரண்டிலும் இப்போது கை வைக்க வேண்டாம். அதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தக் கல்லூரிக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பையன் டிப்ளமோ முடித்திருக்கிறான், நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வீர்களா?"

ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், பி.வோக். என்பது 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த தொழிற்கல்விப் பட்டப் படிப்பு. ஒரு வருடத்தில் நின்றால் டிப்ளமோ, இரண்டு வருடத்தில் நின்றால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம். பாடத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் தொழில் திறன், மீதி பொதுக் கல்வி. அந்த முதல் வருடத்தில் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதியை உங்கள் மகன் பாலிடெக்னிக்கில் ஏற்கெனவே படித்துவிட்டான். லேத், வெல்டிங், அளவெடுக்கும் வெர்னியர், மைக்ரோமீட்டர், எந்திர வரைபடம் எல்லாவற்றையும் மறுபடி படிக்க ஒரு வருடமும் 1,40,000 ரூபாயும் எதற்கு?

பி.இ.யில் டிப்ளமோக்காரர்களுக்கு நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கை உண்டு. அதாவது அங்கேயும் மூன்று வருடம்தான். மூன்று வருடம் செலவழித்துப் பி.வோக். வாங்குவதும் அதே மூன்று வருடத்தில் பி.இ. வாங்குவதும் ஒன்று என்று எந்த முதலாளியும் சொல்லமாட்டார். ஆகவே பி.வோக். முதலாம் ஆண்டில் சேர்ப்பதாக இருந்தால் அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வோம் என்று எழுத்தில் தந்தால் கணக்கே வேறு.

அந்தக் கணக்கு இது. மூன்று வருட பி.வோக்.குக்கு 4,20,000. உதவித்தொகை சொன்னபடி 24 மாதம் வந்தால் 1,92,000 கழியும், மிச்சம் 2,28,000 உங்கள் கையிலிருந்து. இரண்டு வருடம் மட்டும் என்றால் செலவு 2,80,000, உதவித்தொகை அதே 1,92,000, கையிலிருந்து போவது 88,000. அதோடு ஒரு வருடம் முன்னாலேயே சம்பளம் வாங்க ஆரம்பிப்பான். பி.இ.யைக் கவுன்சலிங்கில் எடுத்து, திருநெல்வேலிக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்தால், ஃபீஸ் 55,000, பஸ், புத்தகம், இதர கட்டணம் 30,000 என்று வைத்தாலும் மூன்று வருடத்துக்கு 2,55,000. உங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கி வையுங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஆனால் அது கவுன்சலிங்கில் வந்தவர்களுக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிச் சேர்ந்தால் கிடையாது. பி.வோக்.குக்கும் கிடையாது. நல்ல சீட் இருக்கு, சீக்கிரம் வாங்க என்று அவசரப்படுத்துகிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

சரி, அப்போ மச்சான் சொல்வதுதானே சரி என்று தோன்றும். பாதிதான் சரி. இரண்டு அரியர் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரடி இரண்டாம் ஆண்டில் நுழைகிற பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே பகுதி வகைக்கெழு சமன்பாடு, ஃபூரியே தொடர் என்று ஒரு கணக்குத் தாளை எதிர்கொள்ள வேண்டும். மற்ற மாணவர்கள் முதலாம் ஆண்டில் இரண்டு கணக்குத் தாள் எழுதிப் பழகி வருவார்கள், இவர்கள் அந்தப் படியே ஏறாமல் வருவார்கள். அரியருக்கான தேர்வுக் கட்டணம் பெரிய தொகையில்லை. ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற கம்பெனிகளில் பல, நிலுவையில் அரியர் இருந்தால் உள்ளேயே விடாது. உண்மையான நஷ்டம் அங்கேதான். ஆகவே பி.இ. என்று முடிவானால் கல்லூரி திறக்கும் முன் இந்தக் கோடை முழுக்க ஒரு நல்ல கணக்கு வாத்தியாரிடம் விடுங்கள். அந்த டியூஷன் காசைச் செலவு என்று பார்க்காதீர்கள்.

பி.வோக். மூடுகிற கதவுகளும் தெரிந்திருக்க வேண்டும். "ஏதேனும் ஒரு பட்டம்" என்று கேட்கிற குரூப் 2, வங்கித் தேர்வுகளுக்கு அது போதும். மின்வாரிய உதவிப் பொறியாளர் போல "பி.இ., பி.டெக்." என்று அறிவிப்பில் இருக்கிற பதவிக்குப் போதாது. ஆனால் டிப்ளமோ டிப்ளமோவாகவே இருக்கும், அதை யாரும் பிடுங்க முடியாது. மகேந்திரகிரியில் இஸ்ரோ டெக்னிக்கல் அசிஸ்டென்ட் எடுத்தாலும், கூடங்குளத்துக்கு அணுமின் கழகம் பயிற்சிப் பணியாளர்கள் எடுத்தாலும் கேட்பது பொறியியல் டிப்ளமோதான். அவன் எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் இந்த விண்ணப்பங்களை இப்போதிருந்தே போட்டுக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். அணுமின் கழகப் பயிற்சிப் பணியாளர் வேலைக்கு வயது வரம்பு குறைவு, பட்டம் முடியட்டும் என்று காத்திருந்தால் வண்டி போய்விடும்.

இரண்டாம் ஆண்டுக்குக் கல்லூரி சம்மதித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டும் முன் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு சாதாரண வேலை நாளில், சொல்லாமல் போய் வாருங்கள். பட்டறையில் லேத்துக்குக் கீழே இருக்கிற தட்டைப் பாருங்கள். இரும்புச் சீவல் பளபளவென்று புதிதாகக் கிடந்து, கூலன்ட் தண்ணீர் ஈரமாக இருந்தால் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். சீவல் துருவேறி, கணினியில் ஓடும் சி.என்.சி. எந்திரத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் அது ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்டத்தான். உங்கள் மகன் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவான்.

தொழிற்சாலைப் பக்கம் இன்னும் கவனமாக இருங்கள். 'வேலை பார்த்துக்கொண்டே பட்டம்' என்ற பெயரில் பிள்ளைகளை ஒரே கன்வேயரில் நிறுத்தி, இரண்டு வருடமும் ஒரே போல்ட்டை முறுக்க வைக்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கே கம்பெனிக்கு மலிவான ஆள் கிடைக்கிறான், கல்லூரிக்கு ஃபீஸ் கிடைக்கிறது. பிள்ளைக்கு ஒரு காகிதம் கிடைக்கிறது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாற்றுவார்கள், பராமரிப்பு, தர ஆய்வு இரண்டிலும் நிற்க விடுவார்களா என்று கேளுங்கள். உதவித்தொகை பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் கேட்காதீர்கள். இறுதியாண்டுப் பையன் ஒருவனைத் தனியாகப் பார்த்து, கடைசி மூன்று மாதம் பேங்க்கில் எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். 8,000 என்று சொல்லிவிட்டு சாப்பாடு, பஸ் என்று பிடித்ததுபோக 4,500 ஏறுகிறது என்றால் நான் மேலே போட்ட கணக்கு அத்தனையும் மாறும்.

கல்லூரி சம்மதிக்கவில்லை, பி.இ. கணக்கும் வேண்டாம் என்று பையன் பிடிவாதமாக நின்றால்? அதிலும் தப்பில்லை. மத்திய அரசின் தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் டிப்ளமோக்காரனாகப் பதிந்து ஒரு வருடம் பயிற்சிக்குப் போகட்டும். 2019-ல் திருத்திய விதியில் டிப்ளமோ அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 8,000 என்று வைத்தார்கள், இப்போதைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது அதே எட்டாயிரம், ஃபீஸ் இல்லாமல். கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர், சோலார் செல் தொழிற்சாலைகள் இருக்கின்றன, தூத்துக்குடியில் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025-ல் திறந்தாயிற்று, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை இருக்கிறது. வேலையில் நின்றபின் பட்டம் வேண்டும் என்று தோன்றினால், தமிழ்நாட்டில் சில அரசுப் பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு மாலை நேர பி.இ. உண்டு. அப்போது ஃபீஸை அவனே கட்டிக்கொள்வான்.

வெளிநாட்டுப் படிப்பு பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 'எஞ்சினியரிங் டெக்னாலஜி' என்ற நான்கு வருடப் பட்டம் உண்மையிலேயே இருக்கிறது, செய்முறையை முன்னிறுத்திய நல்ல படிப்புதான். அங்கே அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பு அதற்கும் எஞ்சினியரிங் பட்டத்துக்கும் தனித்தனிக் குழு வைத்திருக்கிறது, இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்லை. ஏஜென்ட் இரண்டையும் ஒன்று என்று சொல்லியிருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். 20 லட்சம் கடன் என்றால் வங்கி சொத்து ஈடு கேட்கும், உங்கள் வயல் பத்திரம் போய் உட்காரும். மாதம் 27,000 வருமானத்துக்கு அது தாங்காது.

இனி பணம். 4 லட்சத்துக்குள் கல்விக் கடனுக்கு ஈடும் வேண்டாம், உங்கள் பங்காக முன்பணமும் வேண்டாம். நகைக் கடனுக்கு ஒரு வருடத்தில் வட்டியைக் கட்டித் திருப்பியோ மறுபடி வைத்தோ ஆக வேண்டும். கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கேட்கமாட்டார்கள், கடனும் மகன் பெயரில் இருக்கும், நீங்கள் கூட்டுக் கடன்தாரர்தான். உங்கள் குடும்ப ஆண்டு வருமானம் 3,24,000. 4,50,000-க்குள் இருப்பதால், தொழில்நுட்பப் படிப்புக்கான மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு வருமானம் பொருந்துகிறது. ஆனால் கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் அமைப்பின் அங்கீகாரம் கல்லூரிக்கோ, தொழில்நுட்பப் படிப்புகளைத் தரம் பார்க்கும் என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் படிப்புக்கோ இருந்தால்தான் மானியம். பி.இ.க்கு இது சுலபம். பி.வோக். என்றால் வங்கி மேலாளரிடம் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மானியம் கிடைக்காவிட்டால் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள். வருடம் ஒரு லட்சம் வீதம் 3 லட்சம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், முதல் வருடம் மாதம் சுமார் 833, இரண்டாம் வருடம் 1,667, அதன்பின் 2,500. கட்டாமல் விட்டால் தவணை தொடங்கும்போது கடன் 3,90,000 ஆகி நிற்கும், ஏழு வருடத்துக்கு மாதம் ஏறக்குறைய 6,500 கட்ட வேண்டும். கட்டிவந்தால் 5,000-க்குள் முடியும். பீடிக் காசில் பாதி அதற்குப் போகட்டும். தபால் நிலையத்து ஒரு லட்சத்தை அட்மிஷனுக்குத் துடைத்து எடுக்காதீர்கள். ஆட்டோ இன்ஜின் படுத்தால் அதுதான் காப்பாற்றும்.

பவுன் மகளுக்கு இருக்கட்டும். இன்னும் இரண்டு, மூன்று வருடத்தில் அவளும் கல்லூரிக்குப் போவாள், அரசுப் பள்ளியிலேயே படித்து முடித்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை உதவித்தொகையும் உண்டு. அதற்கு வருமான வரம்பு குறைவு, உங்களுக்குத் தாண்டிவிடும் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் உங்கள் ஊர்ப் பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒன்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறீர்கள், நாள் முழுக்க ரோட்டில் வண்டி ஓட்டுகிறீர்கள். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்குப் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு சுரக்ஷா விபத்துக் காப்பீடும் எடுக்கலாம், ஒவ்வொன்றும் 2 லட்சம். ஜீவன் ஜோதியில் புதிதாகச் சேர 50 வயதுதான் வரம்பு, உங்களுக்கு 47. கடன் விண்ணப்பம் கொடுக்கப் போகிற அன்றே அந்த இரண்டு படிவத்தையும் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.