கசிந்த கருப்பட்டியும் நீக்கிய செய்தியும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

திசையன்விளைக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம். என் மாமனார் பனையேறி. அவரும் ஊரில் இன்னும் நான்கைந்து பேரும் இறக்குகிற பதநீரை எங்கள் விடிலியில், அதாவது காய்ச்சுகிற குடிசையில், கருப்பட்டியாகக் காய்ச்சுகிறோம். முன்பு சரக்கு முழுவதையும் மொத்த வியாபாரியிடமே போட்டுவந்தோம். மூன்று வருடமாகப் பாதியை நானே வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு விற்று, கூரியரில் அனுப்புகிறேன். வாட்ஸ்அப் குழுவில் நானூறு பேர் வரை இருக்கிறார்கள்.

போன ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு அம்மா, கருப்பட்டி கசிந்து பார்சல் முழுவதும் பிசுபிசுத்துவிட்டது, இது சீனி கலந்த சரக்கு என்று குழுவிலேயே எழுதிவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. செய்தியை நீக்கிவிட்டு அவரையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். மறுநாள் அதையே படத்தோடு முகநூலில் போட்டார், பலர் பகிர்ந்தார்கள். எங்கள் சரக்கில் ஒரு பொட்டுச் சீனி கிடையாது, அண்ணாச்சி.

இப்போது ஒரு விளம்பர ஏஜென்சிக்காரர், தினம் ஒரு ரீல்ஸ் போட வேண்டும், பத்தாயிரம் ஃபாலோயர்களைத் தானே வாங்கித் தருகிறேன், ஹேஷ்டேக்கில் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடியின் பெயரைச் சேர்த்தால் பழைய பேச்செல்லாம் அடிபட்டுப் போகும் என்கிறார். மாமனாரோ போனை மூடிவைத்துவிட்டுப் பழையபடி வியாபாரிக்கே போடு என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வதைக் கேட்பது?

*

அன்புள்ள தங்கைக்கு,

ஏஜென்சிக்காரரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்; சென்னை அம்மாவிடமிருந்து தொடங்குவதுதான் முறை.

கருப்பட்டி ஈரத்தை இழுக்கும் என்பது உங்கள் மாமனாருக்கும் எனக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது கசியாமல் இருந்தால்தான் அதிசயம். எங்கள் ஆச்சி ஓலைப்பெட்டியில் அடுக்கி, அடுப்புக்கு நேர் மேலே பரணில் வைத்திருப்பாள். விறகடுப்பின் புகையும் சூடும் பட்டுப் பட்டு அது கருங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும். சென்னையில் நான்காவது மாடியில் குடியிருக்கிறவருக்குப் பரணுக்கும் புகைக்கும் எங்கே போவது? கூரியர் பையைப் பிரித்ததும் கையில் ஒட்டியதைப் பார்த்தார். கருப்பட்டியில் சீனி கலக்கிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டது அவருக்கு நினைவு வந்திருக்கும். அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்லவும் முடியாது. சீனியின் விலைக்கும் நல்ல கருப்பட்டியின் விலைக்கும் இடையே இருக்கிற தூரத்தில் கலப்படக்காரர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள் என்பது உங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்த கதைதான்.

ஆகவே அந்த அம்மா கேட்டது, குழுவில் இருந்த நானூறு பேரில் பாதிப் பேராவது மனதுக்குள் வைத்திருந்த கேள்வி. அவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, இவர் கேட்டுவிட்டார். நீங்கள் செய்தியை நீக்கியபோது, அந்த இடம் வெறுமையாகிவிடவில்லை. அட்மின் நீக்கினார் என்ற வரி அங்கேயே நின்றது. செய்தியை முன்பே படித்தவர்கள் அதற்கு ஓர் அர்த்தம் கண்டிருப்பார்கள். படிக்காதவர்கள் என்ன செய்தி என்று தனியாக விசாரித்திருப்பார்கள். பேசாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு பரவியிருக்காது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே குழுவில் இப்படி எழுதியிருக்கலாம்: "அம்மா, சரக்கு இந்த நிலையில் வந்து சேர்ந்ததற்கு வருத்தப்படுகிறேன். இது ஆனி மாதம் காய்ச்சிய கருப்பட்டி. மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டால் கசியும். அதை முன்னமே சொல்லாததும், மழைநாளில் காற்றுப் புகாதபடி கட்டாமல் அனுப்பியதும் என் தவறு. கசிந்ததைப் பாகாகக் காய்ச்சி வடிகட்டிக் காப்பிக்கும் பலகாரத்துக்கும் பயன்படுத்தலாம். வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், அல்லது மழை விட்டதும் வேறு சரக்கு அனுப்புகிறேன். சீனி கலக்கவில்லை. அடுத்த பருவத்தில் யார் வேண்டுமானாலும் வந்து விடிலியில் உட்கார்ந்து பார்க்கலாம்." இதை எழுதப் பத்து நிமிடம் ஆகும். இதைவிட நல்ல விளம்பரத்தை எந்த ஏஜென்சியாலும் உங்களுக்கு எடுத்துத் தர முடியாது. ஏனென்றால், தவறு நேர்ந்தால் இந்தப் பெண் என்ன செய்வாள் என்பதைத்தான் முகம் தெரியாத ஆளிடம் முன்பணம் கொடுத்துத் தின்கிற பொருள் வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.

இதை உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு வந்தது நானே இதே தவற்றைச் செய்ததால்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி இரு கரையையும் மூழ்கடித்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். நான் பாளையங்கோட்டையில் மாடியில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஊர்க்குழுவில் வந்த ஒரு படகுக்காரர் எண்ணை ஏழெட்டுக் குழுக்களுக்கு அனுப்பினேன். அதில் தேதியும் இல்லை, நேரமும் இல்லை, எந்தக் கரைக்கு என்ற விவரமும் இல்லை. மறுநாள்தான் தெரிந்தது, அந்த ஆளின் படகு முதல்நாள் மதியமே பழுதாகிவிட்டது, அவருக்கு மட்டும் அழைப்புகள் வந்தவண்ணம் இருக்கின்றன என்று. வெட்கப்பட்டுக்கொண்டு என் செய்திகளை ஓசைப்படாமல் அழித்தேன். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் போனில் கூப்பிட்டார்: "நீ அழிச்சது இருக்கட்டும். அந்த நம்பரை எழுதி வச்சிக்கிட்டு இன்னும் அடிச்சிக்கிட்டு இருக்கவனுக்கு யாருடே சொல்லுவா?" அதற்கப்புறம்தான் ஒவ்வொரு குழுவிலும் போய், நேற்று நான் அனுப்பிய எண் இப்போது உதவாது, தயவுசெய்து அழைக்காதீர்கள் என்று எழுதினேன். அழித்தபோதே எழுதியிருந்தால் எத்தனை பேரின் கைபேசியில் கொஞ்சம் சார்ஜாவது மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு.

ஆகவே முதல் வேலை, அந்த அம்மாவைப் போனில் கூப்பிடுவது. செய்தியாக அனுப்பாதீர்கள், குரல் கேட்க வேண்டும். முகநூல் பதிவை எடுக்கும்படி கேட்காதீர்கள். அது அவர் விருப்பம். பிறகு குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதி, நீக்கியது தவறு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

குழுவைப் பற்றி இன்னொன்று. உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை, ஆனால் எனக்கு அதுதான் உறுத்தியது. நானூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற அத்தனை பேருக்கும் தெரியும். உங்களிடம் வாங்குகிறவர்களில் பெண்கள் அதிகம் இருப்பார்கள். கருப்பட்டி வாங்கச் சேர்ந்த பெண்ணுக்கு, முன்பின் தெரியாத ஒருவன் இரவு பதினொரு மணிக்கு வணக்கம் சொல்லி அனுப்புகிறான் என்றால், அந்தக் கதவைத் திறந்துவிட்டது நீங்கள்தான். போட்டி வியாபாரியும் ஒரு எண்ணைக் கொண்டு உள்ளே வந்து உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதையும் எடுத்துக்கொண்டு போகலாம். இதற்கு வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம்; ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது; பதில் உங்களுக்கு மட்டும் வரும். உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்று ஒரு நிபந்தனை உண்டு. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது நல்ல சல்லடையாகத்தான் படுகிறது. உங்கள் எண்ணைப் பெயர் போட்டுப் பதிந்து வைத்தவர் உங்கள் வாடிக்கையாளர், மற்றவர் வேடிக்கை பார்க்க வந்தவர். 2023இல் வந்த சேனல் வசதியிலும் பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. பேசிக்கொள்ள விரும்புகிற முப்பது நாற்பது பேருக்கு மட்டும், அவர்கள் சம்மதத்தைக் கேட்டு, குழுவை வைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டிப் பணியாரத்துக்கு மாவு எத்தனை என்று அவர்கள் பேசிக்கொள்ளட்டும். காலை வணக்கப் படங்களுக்கும் கட்சிச் செய்திகளுக்கும் இடமில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி ஏஜென்சிக்காரர். தினம் ஒரு ரீல்ஸ் என்கிறாரே, பனை அவர் சொன்னபடி கேட்குமா? பங்குனி தொடங்கி ஆடி வரை பாளை சீவலாம், பதநீர் இறக்கலாம், காய்ச்சலாம். கார்த்திகையில் என்ன காட்டுவீர்கள்? போன வருடத்துப் படத்தை இன்று காலை எடுத்ததுபோல் போட வேண்டியிருக்கும். அப்படிப் போட்ட அன்றைக்குப் பொய் தொடங்கிவிடும், அதுவும் சீனி கலக்கிறாள் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கும்போது. வேலை நடக்கிறபோது படம் போடுங்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது, பொங்கி வரும் பாகைத் துடுப்பால் கிளறுவது, பதம் பார்க்கத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டுவது, சிரட்டையில் ஊற்றியதைக் கவிழ்த்துத் தட்டும்போது எழுகிற அந்தச் சத்தம், இவையெல்லாம் உங்களுக்குத் தினசரி வேலை. நகரத்தில் இருக்கிறவர் இவற்றைக் கண்டதில்லை. மழை வந்து அடுப்பு அணைந்தால் அதையும் போடுங்கள். இந்த வருடச் சரக்கு தீர்ந்துவிட்டது என்றும் கூச்சப்படாமல் போடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: படம் சரியாக விழவில்லை என்று மாமனாரை இரண்டாம் முறை பனையில் ஏறச் சொல்லாதீர்கள்.

பத்தாயிரம் ஃபாலோயர்கள் விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. விலைக்கு வருகிற கணக்குகளுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. உங்கள் பதிவை இன்ஸ்டாகிராம் எத்தனை பேருக்குக் கொண்டுபோவது என்பதை, பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை வைத்தே முடிவு செய்கிறது. பத்தாயிரம் உயிரற்ற கணக்குகளுக்கு நடுவில் நின்றால், உண்மையாக வாங்குகிற இருநூறு பேருக்கே அது போய்ச் சேராமல் போகலாம். இப்படிப்பட்ட போலி ஃபாலோக்களையும் லைக்குகளையும் நீக்கத் தொடங்குவதாக அந்த நிறுவனமே 2018இல் அறிவித்தது.

உடன்குடி ஹேஷ்டேக்கில்தான் எனக்குக் கோபம் வருகிறது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குத்தான் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை. உங்களுக்கு அந்தப் பதிவு இருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால், ஒரு பக்கம் கலப்படம் இல்லை என்று சத்தியம் செய்துகொண்டு இன்னொரு பக்கம் அடுத்த ஊர்ப் பெயரை அட்டையில் கலப்பதா? உங்கள் ஊர்ப் பெயரைப் போடுங்கள். காய்ச்சிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்சலுக்குள் வையுங்கள், மழைக்காலத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று நான்கு வரியும் சேர்த்து. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் அட்டையில் இருக்கட்டும்.

மாமனார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தபோது, லட்சக்கணக்கானவர் பின்தொடர்ந்த நம் பக்கத்துப் பிள்ளைகள் மறுநாள் காலையில் யாரும் இல்லாமல் நின்றார்கள். 2021 அக்டோபர் 4 இரவு முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம்போல முடங்கிக் கிடந்தன. அன்றைக்கு ஆர்டர் வாங்க வழியில்லாமல் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். ஆகவே ஒரு நீள நோட்டு வாங்குங்கள். வாங்குகிறவர் பெயர், ஊர், எண், எத்தனை கிலோ, எந்த மாதம், என்ன குறை சொன்னார் என்று கையால் எழுதி வையுங்கள். அதை மாமனார் பொறுப்பில் விட்டுவிடுங்கள். பனையேறிகளுக்குக் கணக்கு மறக்காது. மொத்த வியாபாரியையும் விட்டுவிட வேண்டாம். பருவத்தின் உச்சத்தில் விடிலி நிறைந்து கிடக்கும்போது ஒரே நாளில் மூட்டையாக எடுத்துக்கொண்டு போய் ரொக்கம் தருகிறவர் அவர்தான், கூரியர் அல்ல.

பங்குனியில் முதல் காய்ச்சல் எடுத்ததும் எனக்கு இரண்டு கிலோ எடுத்து வையுங்கள். கூரியர் வேண்டாம், வள்ளியூர் வரை ஒரு வேலையாக வர வேண்டியிருக்கிறது. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி
பாளையங்கோட்டை