ஏசி30 வேண்டாம், ஏசி15 போதும்: இரண்டாவது கிட்டார் ஆம்புக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும்?

கேள்வி: வணக்கம் சார். வயது 34. வேளச்சேரியில் வாடகை வீடு, ஐ.டி. வேலை, ஒரு குழந்தை. கைக்கு வரும் சம்பளம் ரூ.82,000. வீட்டுச் செலவு ரூ.58,000, எஸ்ஐபி ரூ.12,000. வங்கியில் ரூ.2,10,000 இருக்கிறது. வார இறுதியில் கிட்டார் வாசிப்பதில் மாதம் ரூ.12,000 வருகிறது, ஆட்டோ, ஸ்டிரிங் செலவு போக ரூ.9,500 நிற்கும். கிட்டார் ஒலியைப் பெருக்க என்னிடம் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப் இருக்கிறது, கண்ணாடிக் குழாய் (டியூப்) வைத்த வகை. அதற்குத் துணையாக இன்னொன்று வேண்டும். கடையில் புது வாக்ஸ் ஏசி30 ரூ.1,40,000, 12 மாதம் ‘நோ காஸ்ட்’ இஎம்ஐ. பெங்களூருவில் ஒருவர் தன் ஏசி15-ஐ ரூ.62,000-க்குத் தருகிறார். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் மார்ஷல் டிஎஸ்எல்40 வாங்கி வருகிறேன் என்கிறான். டியூப் ஆம்ப் விலை இறங்காது என்பதால் இதை முதலீடாகவே எடுத்துக்கொள்ளலாம்தானே? கிட்டார் ஒலியை மாற்றும் பழைய மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்று சும்மா கிடக்கிறது, ரூ.18,000-க்குக் கேட்கிறார்கள். (ஏசி30 வாங்கப் போகிறேன் என்றதும் ஹாலுக்கு ஏசி வருகிறது என்று மனைவி சந்தோஷப்பட்டுவிட்டார். அந்தச் சிக்கல் தனி.)
– ஒரு வாசகர், சென்னை

பதில்: அந்தச் சிக்கலுக்கு என்னிடம் பதில் இல்லை. மற்றதைப் பார்ப்போம்.

நானும் ஒரு காலத்தில் பேண்டில் வாசித்தவன். வேலைக்குப் போன புதிதில் இரண்டாவது ஆம்ப் வாங்கினேன். என்னிடம் இருந்த ஆம்பின் குணமே அதற்கும் இருந்தது. சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு அடுப்பில் இன்னொரு சாம்பார் வைத்த கதைதான். ஒன்றரை வருடத்தில் ரூ.11,000 நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டேன். அதனால் கணக்குக்குப் போகும் முன் ஒரு கேள்வி: உங்கள் டீலக்ஸ் ரிவெர்ப் எதைச் செய்வதில்லை?

22 வாட், இரண்டு 6வி6 டியூப், 12 அங்குல ஸ்பீக்கர். கிளீன், அதாவது கரகரப்பில்லாத ஒலிக்கு அதை மிஞ்ச ஆள் குறைவு. ஆனால் டிரெபிள், பேஸ் மட்டும்தான் உண்டு, நடு ஒலிக்கான மிட் குமிழே கிடையாது. நடு ஒலி இயல்பாகவே சற்றுக் குழிந்திருக்கும். கரகரப்பை வைத்துக்கொண்டே மொத்தச் சத்தத்தைக் குறைக்கும் மாஸ்டர் வால்யூமும் இல்லை. கொஞ்சம் கரகரப்பு வேண்டுமென்றால் வால்யூமை ஐந்தாறு வரை ஏற்ற வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அதற்குள் காலிங் பெல் அடித்துவிடும். நடு ஒலி முன்னே வந்து நிற்கிற, மாஸ்டர் வால்யூம் உள்ள ஆம்ப்தான் உங்களுக்கு வேண்டிய ரசம். அந்த வகையில் மூன்றுமே தேறும். குணத்தில் நீங்கள் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள்.

இனி ஏசி30-ஐ எடுத்துக்கொள்வோம். ஏசி15-க்கும் அதற்கும் குடும்பக் குரல் ஒன்றே. இரண்டிலும் இஎல்84 டியூப்தான், ஏசி15-இல் இரண்டு, ஏசி30-இல் நான்கு. 15 வாட் 30 ஆனால் சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைப்போம். உண்மையில் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். பப்பிலும் சர்ச்சிலும் எப்படியும் ஆம்புக்கு முன் மைக் வைப்பார்கள். அந்த 3 டெசிபலுக்கு நீங்கள் கொடுக்கப்போவது ரூ.78,000 கூடுதல், அதோடு 32 கிலோ எடை. டீலக்ஸையும் சேர்த்து ஆட்டோவில் ஏற்றிப் பாருங்கள், பின்சீட்டில் உங்களுக்கு இடம் இருக்காது.

‘நோ காஸ்ட்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். மாதம் ரூ.11,667 கட்டுவீர்கள். வங்கி வட்டி 15% என்று வைத்தால், அதற்குள் ஏறக்குறைய ரூ.10,700 வட்டி ஒளிந்திருக்கிறது; கடைக்காரர் அதைத் தள்ளுபடியாகக் காட்டி ஈடுகட்டுகிறார். ஆனால் வட்டி மீதான 18% ஜிஎஸ்டி, சுமார் ரூ.1,900, உங்கள் தலையில். செயலாக்கக் கட்டணம் தனி. “மொத்தப் பணமும் இன்றே தருகிறேன், எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கடையில் கேளுங்கள். குறைக்கிற தொகைதான் உங்கள் உண்மையான வட்டி.

அப்புறம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஆறு மாத வீட்டுச் செலவு கையிருப்பாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். உங்களுக்கு அது ரூ.3,48,000. இருப்பது ரூ.2,10,000. பற்றாக்குறை ரூ.1,38,000, கிட்டத்தட்ட ஒரு ஏசி30. ஐ.டி.யில் வேலை போனால் அடுத்தது கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ரூ.2,10,000-ஐத் தொடாதீர்கள்.

மச்சானின் அன்புக்கு நன்றி சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே 230-இல் நேராகச் சொருகினால் ஃபியூஸ் போவது அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபார்மர் போனால் அழுகை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் காலமெல்லாம் கூடவே சுமக்க வேண்டும். ஆம்பே ஏறக்குறைய 23 கிலோ. அட்டைப் பெட்டியோடு பல விமானங்களின் எடை வரம்பைத் தாண்டிவிடும். சுங்கவரியும் வாரன்டியும் வேறு கதை.

முதலீடா என்று கேட்டீர்கள். நல்ல டியூப் ஆம்ப் மற்ற மின்சாதனங்களைவிட விலையைப் பிடித்து வைத்திருக்கும், உண்மை. ஆனால் அது தின்னும். வாரா வாரம் வாசித்தால் பவர் டியூப்கள் ஓரிரு வருடத்தில் களைத்துவிடும். ஏசி30-இல் நான்கையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது டியூப் விலை எகிறியதை அப்போது வாசித்துக்கொண்டிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாக்ஸில் ஒரு சௌகரியம், அது கேத்தோடு பயாஸ் வகை, டியூபில் ஓடும் மின்னோட்டத்தை (பயாஸ்) தானே சரிசெய்துகொள்ளும். பொருத்தமான ஜோடி போட்டால் போதும். டிஎஸ்எல்40-இலும் உங்கள் டீலக்ஸிலும் டியூப் மாற்றினால் பயாஸ் சரிபார்க்க ஆள் வேண்டும். தெரு முனை டிவி மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். உள்ளே நானூறு வோல்ட் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

சரி, திட்டம். ஏசி15 ரூ.62,000. இரண்டு ஆம்பையும் சேர்த்து இயக்க ஏபிஒய் பெட்டி, கேபிள், போக்குவரத்து என்று ரூ.6,000 வையுங்கள். பெட்டி வாங்கும்போது உள்ளே இரண்டு ஆம்பின் மின்சுற்றையும் பிரித்து வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதாகப் பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஆம்பும் சேர்ந்து ‘ம்ம்’ என்று முனகும், யாராவது ஒருவர் “எர்த் பின்னை உடைச்சிடுங்க” என்று யோசனை சொல்வார். உயிர் போகிற யோசனை அது.

மொத்தம் ரூ.68,000. பெடலை விற்றால் ரூ.18,000. மீதி ரூ.50,000-ஐ வாசிப்பு வருமானத்திலிருந்து மாதம் ரூ.7,000 என்று ஒதுக்கினால் ஏழெட்டு மாதம். சம்பளத்தில் மிஞ்சும் ரூ.12,000 அப்படியே கையிருப்புக்குப் போகட்டும்; பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தப் பள்ளமும் நிரம்பிவிடும். கிட்டார் ஆசைக்குக் கிட்டார் பணம், அவ்வளவுதான். அதற்குள் பெங்களூரு ஆம்ப் விற்றுப்போனால் போகட்டும், ஏசி15 அபூர்வப் பொருள் இல்லை. அவசரமான நிகழ்ச்சி வந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

வரியைப் பற்றி ஒரு வரி: வாசிப்பு வருமானத்தைக் கணக்கில் காட்டி, வரவு செலவு ஏடும் வைத்திருந்தால் ஆம்புக்கு வருடம் 15% தேய்மானம் எடுக்கலாம், வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. வரவில் ஒரு பங்கை லாபமென்று காட்டிவிடும் உத்தேச வருமான முறையில் போனால் இது தனியாகக் கிடைக்காது.

வாங்கப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். ஆம்பை அரை மணி நேரம் ஓடவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். டியூபின் நடுவில் ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தால் நல்லது. சாம்பல் நிறத் தகடே சிவந்து கனன்றால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், கடைசியாக டியூப் மாற்றியது எப்போது என்று கேளுங்கள். “வாங்கினதிலிருந்து மாத்தவே இல்ல சார்” என்று பெருமையாகச் சொன்னால், புது ஜோடியின் விலையை அந்த ரூ.62,000-இல் கழித்துக்கொண்டு பேச்சை ஆரம்பியுங்கள்.