பழைய பிக்கப்ல பின் பிரேக் விடாம பிடிச்சுக்கிட்டே இருக்கு, ஷூ மாத்தியும் சரியாகல, என்ன பண்ணலாம்?

ரெண்டு பக்கமும் பிடிக்குதுன்னா ஷூவை விட்டுட்டு, பின் ஆக்ஸிலுக்கு பிரேக் ஆயில் கொண்டு போற ரப்பர் ஹோஸை பாருங்க. நானும் ஷூலதான் காசை விட்டேன். என் வண்டி 2003 மாடல், பொள்ளாச்சியில தேங்கா ஏத்தி கோயம்புத்தூர் வந்து சேர்றதுக்குள்ள பின் டிரம்ல தண்ணி தெளிச்சா சுர்ருனு ஆவி பறக்கும், ஷூ மாத்தியாச்சு, ஸ்பிரிங் மாத்தியாச்சு, ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டரும் ரெண்டு பக்கம் மாத்தியாச்சு, காலைல நல்லா ஓடும், பத்து தடவ பிரேக்ல கால் வச்சா மறுபடி அதே கதைதான்.

கடைசில வேற ஒரு பட்டறைல ஒரு பெரியவர், முன் வீலுக்கு கட்டை கொடுத்து பின்னாடி ரெண்டு பக்கமும் ஸ்டாண்டுல ஏத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டுட்டு, என்னை பெடல மிதிச்சு விடச் சொன்னார். வீல் கையில சுத்தல. வீல் சிலிண்டர்ல காத்து எடுக்குற நிப்பிளை அரை திருகு லூஸ் பண்ணினார், ஆயில் பீச்சி அடிச்சுது, உடனே வீல் லேசா சுத்துது! அப்புறம் மறுபடி மிதிக்கச் சொல்லி, இந்தத் தடவ ஆக்ஸிலுக்கு மேல ஹோஸுக்கு முன்னாடி இருக்கிற இரும்பு பைப் நட்டை லூஸ் பண்ணினார், அங்க வீல் விடல. அப்போ அடைப்பு ஹோஸ்லதான். அந்த நட்டுலயே விட்டிருந்தா கோளாறு மேல, பெடல மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ல இருக்கும், இல்லன்னா அதைத் தள்ளுற பெடல் புஷ் ராடுக்கு ப்ளே (கொஞ்சம் ஆட்டம்) இல்லாம இருக்கும்.

கழட்டின ஹோஸை பிளேடால அறுத்துக் காட்டினார், வெளிய ஒரு கீறல் இல்ல, உள்ள ரப்பர் ஊதிப்போய் ஊசி நுழையுற ஓட்டைதான் மிச்சம். சைக்கிள் டியூப் வால்வ் மாதிரி, கால் பலத்துக்கு ஆயில் உள்ள போயிடும், ரிட்டர்ன் ஸ்பிரிங்கால அதை திருப்பித் தள்ள முடியாது.

நிப்பிள் திறந்தும் வீல் விடலன்னா ஆயில் பிரச்சனை இல்ல, ஹேண்ட் பிரேக் கேபிள் நட்டை லூஸ் பண்ணிப் பாருங்க, உறைக்குள்ள துருப்பிடிச்சு திரும்பாம நிக்கும், ஒரு வீல் மட்டும் பிடிச்சா பெரும்பாலும் இதுதான், இல்லன்னா அந்தப் பக்க சிலிண்டர் பிஸ்டன் ஜாம். ஷூ உரசுற பேக் பிளேட்ல பள்ளம் விழுந்திருக்கான்னும் பாருங்க, ஷூ அதுல மாட்டிக்கும்.

பிரேக் பார்ட்ஸை டீசல்ல கழுவ விடாதீங்க, சிலிண்டர் ரப்பர் ஊதிடும். டிரம் தூசிய காத்தடிச்சும் ஊதாதீங்க, பழைய ஷூ லைனிங்ல கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், ஈரத்துணியால துடைச்சாப் போதும்.