அடகுக்கடையும் அரிச்சல்முனையும்

கேள்வி: ஆசிரியர் ஐயா, வரலாற்றுச் சேனல் என்று பெயர் வைத்துக்கொண்டு எப்போது போட்டாலும் அமெரிக்க அடகுக்கடை, பழைய சாமான் பேரம், இல்லாவிட்டால் வேற்றுக்கிரகவாசி! போன வாரம் ஒருவர் துருப்பிடித்த துப்பாக்கியைக் கொண்டுவந்து, விலை படியாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். இதற்கு அரை மணி நேரம். முன்பு போட்ட உலகப்போர்ப் படங்கள் எங்கே? எங்கள் தனுஷ்கோடியைப் பற்றி உருப்படியாக ஒரு படம் உண்டா? நாலு பேர் சேர்ந்து எழுதினால் மாற்றுவார்களா?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: துப்பாக்கி திரும்பிப் போனது வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். நிகழ்ச்சி எடுத்தவருக்கு இதைவிட நல்ல நற்சான்று கிடைக்காது.

பொற்காலம் என்று ஒன்று இருந்ததாக ரொம்பவும் ஏங்காதீர்கள். அமெரிக்காவில் ஹிஸ்டரி சேனல் 1995 ஜனவரி 1 அன்று தொடங்கியது. இரண்டாம் உலகப்போரையே திரும்பத் திரும்பக் காட்டியதால் அங்குள்ளவர்களே அதை 'ஹிட்லர் சேனல்' என்று கேலி செய்தார்கள். 2007-இல் பனிச்சாலை லாரி ஓட்டுநர்கள் வந்தார்கள், 2009-இல் அடகுக்கடை, 2010-இல் வேற்றுக்கிரகவாசித் தொடர். நடுவில் 2008-இல் பெயரிலிருந்த 'சேனல்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். வரலாற்றைத்தான் எடுத்திருக்கவேண்டும். இந்தியாவில் ஹிஸ்டரி டிவி18 வந்தது 2011 அக்டோபரில். அதாவது அடகுக்கடை முதலில் வந்து உட்கார்ந்துவிட்டது. நம் சேனல் பிறகுதான் பிறந்தது.

காரணம் கணக்குதான். பழைய போர்க் காட்சிகளுக்கு உரிமைக் கட்டணம் உண்டு. அந்த உரிமையும் இத்தனை வருடம், இத்தனை நாடு என்று கெடு வைத்துத் தரப்படுவது. கெடு முடிந்ததும் படம் பெட்டிக்குள் போய்விடும். தமிழில் தருவதற்கு இன்னொரு சிக்கல். பேச்சு ஒரு தடத்திலும், இசையும் சத்தங்களும் வேறொரு தடத்திலும் இருந்தால்தான் டப்பிங் ஒழுங்காக வரும். பழைய படங்கள் பலவற்றில் எல்லாம் கலந்து ஒரே தடம். ஆங்கிலக் குரலை எடுத்தால் குண்டுச் சத்தமும் சேர்ந்து போகும். எடுக்காவிட்டால் தமிழுக்கு அடியில் ஆங்கிலம் முனகிக்கொண்டே இருக்கும். அடகுக்கடைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஒரே கடை, அதே நாலு முகம். எந்த எபிசோடையும் எந்த நாளும் ஒளிபரப்பலாம். விலை கேட்கும் இடத்தில் விளம்பரம், விலை சொல்லும் இடத்தில் இன்னொரு விளம்பரம்.

அடகுக்கடை கூடப் பரவாயில்லை, கொண்டுவந்த பொருளைப் பற்றி இரண்டு நிமிடமாவது உண்மை சொல்கிறார்கள். வேற்றுக்கிரகவாசி வகையறாதான் விஷமம். தமிழ்க் குரலில் வாக்கியம் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். 'கட்டினார்கள்' என்று முடியாது, 'கட்டியிருப்பார்களோ?' என்று முடியும். அந்த ஓகாரம் இருக்கும்வரை யாரும் எதற்கும் ஆதாரம் காட்டவேண்டியதில்லை. 'சிலர் நம்புகிறார்கள்' என்றால் யார் அந்தச் சிலர் என்று கேளுங்கள்.

உங்கள் கடலுக்கே இது நடந்தது. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் சயன்ஸ் சேனல் ராமர் பாலத்தைப் பற்றி ஒரு சிறு முன்னோட்டம் வெளியிட்டது. மணல்திட்டின் வயது 4,000 ஆண்டு, மேலே உள்ள கற்களின் வயது 7,000 ஆண்டு, ஆகவே கற்கள் வேறெங்கிருந்தோ வந்தவை என்றது. எந்தக் கல், எந்த இடத்தில் எடுத்தது, எந்த முறையில் வயது பார்த்தது? முன்னோட்டத்தில் ஒன்றும் இல்லை. புயலுக்கு மறுநாள் கரையேறிக் கிடக்கும் செத்த பவளப்பாறைத் துண்டுகளைப் பார்த்திருக்கும் உங்கள் ஊர்க்காரர் எவரும் கேட்பார்: பழைய கல் புது மணலில் ஏற அலையே போதாதா? பக்தி வேறு விஷயம். அதற்குச் சேனல்காரர் சான்று தேவையில்லை.

தனுஷ்கோடிப் படத்துக்கும் ஓர் உரைகல் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் சிக்கிக் கடலில் போன பாம்பன்-தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில், எண் 653. அதில் இறந்தவர்கள் 115 என்று ஒரு கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்து 200-ஐ நெருங்கும் என்று இன்னொன்று. இரண்டு எண் ஏன் வந்தது என்று சொல்கிற படம் உழைத்து எடுத்தது. இடிந்த தேவாலயத்தைச் சுற்றி டிரோன் பறக்கவிட்டு, 'பேய் நகரம்' என்று அடிக்குரலில் சொன்னால் சேனலை மாற்றுங்கள். எடுக்க விஷயமா இல்லை? பழைய துறைமுகமான அழகன்குளத்தில் கப்பல் கீறிய பானை ஓடும் ரோமானியக் காசும் கிடைத்திருக்கின்றன. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துச் சுவர் முழுக்கச் சேதுபதி காலத்து ஓவியங்கள். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தின் தூக்கு இரும்பை ஆட்கள் கையால் நெம்பியே உயர்த்தினார்கள். அது எப்படி என்று காட்டவே அரை மணி நேரம் தாராளமாகப் போகும்.

இனி, எழுதினால் மாறுமா? 2021-இல் திருத்திய கேபிள் விதிப்படி, புகார் வந்ததைச் சேனல் 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ளவேண்டும், 15 நாளில் முடிவு சொல்லவேண்டும். ஆனால் அது நிகழ்ச்சி நெறிமுறையை மீறினால்தான். வரலாற்றுச் சேனலில் வரலாறு இல்லை என்பது மீறல் ஆகாது. சலிப்புக்குச் சட்டத்தில் இடமில்லை.

நீங்கள் பார்ப்பதும் பார்க்காததும் கூடக் கணக்கில் வராது. பார்வையாளர் அளவீட்டுக் கருவி நாடு முழுவதும் சில பத்தாயிரம் வீடுகளில்தான் இருக்கிறது. கணக்கில் வருவது உங்கள் சந்தா. எந்தக் கட்டணச் சேனலுக்கு எத்தனை பேர் என்று கேபிள், டிடிஎச் நிறுவனங்கள் மாதாமாதம் சேனலுக்கு அறிக்கை தரவேண்டும். பணம் கட்டிக்கொண்டே திட்டுகிறவர் அந்த அறிக்கையில் திருப்தியான வாடிக்கையாளர்.

2019 முதல் சேனலைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேபிள்காரத் தம்பி 'அது பேக்கேஜ்ல வருதுண்ணே' என்பார். உண்மைதான், பேக்கேஜுக்குள் இருக்கும் ஒன்றை மட்டும் நீக்கச் சொன்னால் பைசா குறையாது, பேக்கேஜையே கலைக்கவேண்டும். கலைத்துத் தனித்தனியாக எடுத்தால் சில சமயம் மொத்தம் கூடிவிடும், தள்ளுபடி பேக்கேஜுக்குத்தான். அதனால் முதலில் டிவியின் நிகழ்ச்சிப் பட்டியலில் ஒவ்வொரு சேனல் விலையையும் பார்த்துத் தாளில் கூட்டுங்கள், வரியையும் சேர்த்து. வீட்டில் சீரியல் பார்க்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் சேனலும் அதே பேக்கேஜில் இருக்கக்கூடும்.