டிஎன்ஏ பிரிவில் இருப்பவர் எந்தப் பயிற்சிக்குப் போகலாம்?

கேள்வி: தடய அறிவியல் ஆய்வகத்தின் டிஎன்ஏ பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்த ஆண்டு ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் அனுமதி. கலப்பு மாதிரிகளை (பலரின் டிஎன்ஏ கலந்தவை) அலசும் மென்பொருளுக்கான இணையவழி வகுப்பு, நேரில் நடக்கும் கலப்பு டிஎன்ஏ பட்டறை, நீதிமன்றச் சாட்சியப் பயிற்சி என மூன்று இருக்கின்றன. எதற்குப் போகலாம்?

பதில்: பட்டறைக்குப் போங்கள். ஆய்வகங்கள் அதிகம் சறுக்குவது கலப்பு மாதிரிகளில்தான்.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் (நிஸ்ட்) 2013-ல் நடத்திய ஆய்வில் 108 ஆய்வகங்களுக்கு ஒரே தரவைக் கொடுத்தது. அதில் ஒரு கலவை வேண்டுமென்றே சிக்கலாகத் தயாரிக்கப்பட்டது. அந்தக் கலவையில் இல்லவே இல்லாத ஒருவரை 74 ஆய்வகங்கள் இருப்பவராகச் சேர்த்தன. எல்லார் கையிலும் இருந்தது ஒரே தரவு என்பதால், கருவியைக் குறை சொல்ல வழியில்லை. வேறுபட்டது அதைப் படித்த விதம்.

இது எங்கே நடக்கிறது என்று பாருங்கள். மரபிடம் என்பது டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டு (ரிப்பீட்) திரும்பத் திரும்ப வரும் இடம்; எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மரபிடத்தின் வரைபடத்தில் 14 ரிப்பீட்டுக்கான இடத்தில் 2000 அலகு உயரத்துக்குப் பீக் (முகடு) எழும்புகிறது. பக்கத்தில் 13-ல் 180 அலகுக்கு ஒரு சின்னப் பீக், அதாவது 9 சதவீதம். நகலெடுக்கும்போது ஒரு ரிப்பீட் நழுவியதால் வந்த ஸ்டட்டரா (போலிப் பீக்), குறைந்த அளவில் கலந்திருக்கும் இன்னொருவரின் அல்லீலா (அந்த மரபிடத்தில் அவருக்கே உரிய வடிவம்)? உயரத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஸ்டட்டர் என்று தள்ளினால் உண்மையில் இருந்த ஒருவர் மறைந்துபோகலாம். அல்லீல் என்று எடுத்தால் இல்லாத ஒருவர் உள்ளே வரலாம். கலவையில் எத்தனை பேர் என்பதைப் பெரும்பாலான மென்பொருட்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த எண் தவறினால் பின்னால் வரும் கணக்கும் தவறுகிறது. அதனால்தான் மென்பொருள் வகுப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளச் சொல்கிறேன்.

இன்னொரு ஆபத்து, சந்தேக நபரின் டிஎன்ஏ சுயவிவரம் முன்னமே மேசையில் இருப்பது. அதில் 13 இருந்தால் அந்தச் சின்னப் பீக் உங்களுக்கு உண்மையாகவே தோன்றிவிடும். ஓர் உண்மை வழக்கின் கலவையை, வழக்கு விவரம் எதுவும் சொல்லாமல், அறிதிறன் அறிவியலாளர் இட்டியல் ட்ரோரும் டிஎன்ஏ நிபுணர் கிரெக் ஹாம்பிகியனும் 17 ஆய்வாளர்களிடம் கொடுத்தார்கள். முடிவு 2011-ல் வெளியானது. வழக்கைப் பார்த்த ஆய்வாளர்கள் சந்தேக நபரை விலக்க முடியாது என்றிருந்தார்கள். அந்த 17 பேரில் அதை ஏற்றவர் ஒருவர்தான். 12 பேர் அவரை விலக்கினார்கள், 4 பேர் தெளிவில்லை என்றார்கள்.

பதிவு செய்யும் முன் நடத்துபவர்களிடம் நேராகக் கேளுங்கள். விடை முன்பே தெரிந்த, மூன்று நான்கு பேர் கலந்த, அளவு மிகக் குறைந்த மாதிரிகள் தருவார்களா? ஒப்பீட்டுச் சுயவிவரத்தைக் காட்டும் முன் உங்கள் முடிவை எழுதி வாங்குவார்களா? கடைசியில் தோல்வியடைய இடமுள்ள தேர்வு உண்டா? வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சான்றிதழ் என்றால் வேறு பட்டறை தேடுங்கள். கற்பிப்பவர் இப்போதும் வழக்கு வேலை பார்ப்பவரா என்பதும் முக்கியம்.

திரும்பி வந்ததும் சான்றிதழை வைத்து உடனே வழக்கு மாதிரியில் கை வைக்காதீர்கள். ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 (2017 பதிப்பு) ஊழியரின் பயிற்சி, அங்கீகாரம், தொடர் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு ஆய்வகம் நடைமுறையும் பதிவேடும் வைத்திருக்கக் கேட்கிறது. பட்டறையில் பார்த்த ஸ்டட்டர் அளவுகள் உங்கள் கிட்டுக்கும் கருவிக்கும் பொருந்தும் என்ற உத்தரவாதமும் இல்லை. உங்கள் ஆய்வகத்தின் சரிபார்ப்புத் தரவிலேயே சில கலவைகளைச் செய்து, மேலாளரிடம் திறன் தேர்வு கேட்டு வாங்குங்கள்.

சாட்சியப் பயிற்சியை ஆய்வகத்துக்குள்ளேயே தொடங்கலாம். குறிப்பாக ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள்: "இவர் கலவையில் இருந்தால் இந்த முடிவு கிடைக்கும் வாய்ப்பு, இல்லாவிட்டால் கிடைக்கும் வாய்ப்பைவிடப் பத்து லட்சம் மடங்கு." இதையே "இவர் இல்லாமலிருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று" என்று சொன்னால் தவறு. ஒருவரின் சிறைவாசமே இந்தப் பிசகில் தீர்மானமாகிவிடலாம். குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை அழைத்து, உங்கள் பழைய அறிக்கையை வைத்தே குறுக்கு விசாரணை செய்யச் சொல்லுங்கள். உங்கள் பதில்களைப் பதிவு செய்து மறுநாள் நீங்களே கேளுங்கள்.